2147483647: ஒரு பெரிய முதன்மை எண்ணை நீங்களே சோதிச்சுப் பாக்கிறது எப்பிடி

பெரிய முதன்மை எண்ணைப் (1ஆலயும் தன்னாலயும் மட்டும் வகுபடுற எண்) பற்றிப் படிக்கோணும் எண்டு வாற ஆக்கள் கூடுதலா நேரா ரெக்கோட் எண்ணில போய்த்தான் முட்டுவினம். 2024 ஒக்டோபர்ல லூக் டுராண்ட் எண்டவர் கண்டுபிடிச்சது, 2இன் 136279841ஆம் வலுவில ஒண்டைக் கழிச்சா வாறது, மொத்தம் 4 கோடியே 10 இலட்சத்து 24 ஆயிரத்து 320 இலக்கம். வாயைப் பிளந்து பாக்கலாம், அவ்வளவுதான், புதுசா வாற ஒராள் அதை வச்சு ஒரு கணக்கும் செய்யேலாது.

என்னைக் கேட்டா தொடங்க வேண்டிய எண் 2147483647. பத்தே பத்து இலக்கம், எங்கட போன் நம்பர் அளவுதான். 1772ல ஒய்லர் எண்ட கணிதக்காரர் இது முதன்மை எண் எண்டு காட்டி பெர்னூலி குடும்பத்துக் கணிதக்காரர் ஒராளுக்குக் கடிதம் எழுதினவர், அதுக்குப் பிறகு 80 வருசத்துக்கு மேல உலகத்துக்குத் தெரிஞ்ச ஆகப் பெரிய முதன்மை எண்ணா இதுதான் இருந்தது. இண்டைக்கு உங்கட போனுக்குள்ளயும் கிடக்கு. ஓ எல் கணிதம் தெரிஞ்சாக் காணும், நான் சொல்லப்போறதில முக்கால்வாசி விளங்கும், மிச்சம் செய்து பாத்தா விளங்கும்.

தேவையான சாமான்: ஒரு கொப்பி, போன் கல்குலேட்டர், ஏலுமெண்டா பைத்தன் எண்ட நிரல் மொழி. பைத்தன் காசில்லாமக் கிடைக்கும், போன்லயே ஓட விடலாம், லெப்டொப் கட்டாயம் இல்லை. எக்செல்ல செய்வம் எண்டு மட்டும் வெளிக்கிடாதேங்கோ. எக்செல் 15 இலக்கத்துக்கு மேல சரியா வச்சிருக்காது, நாங்கள் பத்து இலக்க எண்ணை வர்க்கிக்கப் போறம், 19 இலக்கம் வரும், கடைசி இலக்கங்கள் சத்தமில்லாமப் பூச்சியமாயிடும், பிறகு மீதி எல்லாம் பிழை. ஜாவாஸ்கிரிப்ட்லயும் சாதாரண எண்ணை வச்சுச் செய்தா அதே கதைதான்.

முதல் படி: எண்ணின்ட வடிவத்தைப் பாருங்கோ

2147483647 எண்டு பாக்கேக்க அது சும்மா ஒரு எண். 2³¹ − 1 எண்டு எழுதினாத்தான் அது யாரெண்டு தெரியும். துவித எண்ணா எழுதினா 31 ஒண்டுகள் வரிசையா, இடையில ஒரு பூச்சியம்கூட இல்லை. 2இன் வலுவில ஒண்டு குறைஞ்ச இந்த மாதிரி முதன்மை எண்களுக்கு மெர்சென் முதன்மை எண் எண்டு பேர், 17ஆம் நூற்றாண்டில இருந்த மரின் மெர்சென் எண்ட பிரெஞ்சுத் துறவியின்ட பேர்தான் அது. இது அந்த வரிசையில எட்டாவது: 3, 7, 31, 127, 8191, 131071, 524287, பிறகு இது.

மேல இருக்கிற சுட்டி முதன்மை எண்ணா இருந்தாத்தான் இந்த எண்ணும் முதன்மையா இருக்க வாய்ப்பிருக்கு. சுட்டி முதன்மை எண்ட உடன எண்ணும் முதன்மைதான் எண்டு முடிவெடுத்திடாதேங்கோ. 11 முதன்மைதான், ஆனா 2¹¹ − 1 = 2047 = 23 × 89. இந்த 2047ஐ மறக்காதேங்கோ, திரும்பத் திரும்ப வரும்.

இனிச் செய்யப்போற எல்லாம், சோதிக்கிறது, மீதி எடுக்கிறது, எழுந்தமான (ரண்டம்) எண் உருவாக்கிறது, எல்லாம் சுகமா வாறதுக்குக் காரணம் இந்த வடிவம் ஒண்டுதான். இதே அளவில வேற ஏதாவது பத்து இலக்க முதன்மை எண்ணை எடுத்தா இவ்வளவு சலுகை கிடைக்காது.

ரெண்டாவது படி: வகுத்துப் பாக்கிறது, ஆனா மூளையோட

பள்ளிக்கூடத்தில படிச்ச வழி, வர்க்கமூலம் வரைக்கும் உள்ள முதன்மை எண்களால வகுத்துப் பாக்கிறது. இதின்ட வர்க்கமூலம் 46340ஐத் தாண்டி 46341ஐத் தொடாது. அதுக்குள்ள 4792 முதன்மை எண் இருக்கு. கொம்பியூட்டருக்கு அது கண் சிமிட்டுற வேலை, 1772ல இறகுப் பேனையோட இருந்த ஒராளுக்கு அது எத்தினை கிழமை வேலை எண்டு யோசிச்சுப் பாருங்கோ.

ஒய்லர் அவ்வளவும் செய்யேல்ல. எப்பிடித் தப்பினார் எண்டதைக் கொஞ்சம் நிண்டு பாப்பம், இந்தக் கட்டுரையில எனக்கு ஆகப் பிடிச்ச இடம் இதுதான்.

ஒரு முதன்மை எண் 2³¹ − 1ஐ மீதியில்லாம வகுக்குது எண்டு வைப்பம். அப்ப அந்தக் காரணியால 2³¹ஐ வகுத்தா மீதி 1. 2ஐ அடுக்கடுக்காப் பெருக்கிக்கொண்டு போகேக்க மீதி 1 முதன்முதலா எத்தினையாவது வலுவில வரும்? அந்த இடம் 31ஐ வகுக்கிற எண்ணா இருக்கோணும், 31 முதன்மை, அதால 31தான் ஒரே வழி. பேர்மாட் சொன்ன சின்னத் தேற்றத்தின்படி காரணியில ஒண்டைக் குறைச்ச வலுவிலயும் மீதி 1தான் வரும். ஆக காரணியில ஒண்டைக் குறைச்சா அது 31ஆல வகுபடோணும். காரணி ஒற்றை எண், அதால 62ஆல வகுபடோணும். அதாவது 62இன் மடங்கோட ஒண்டைக் கூட்டின எண்கள் மட்டும்தான் காரணியா வரலாம், மற்றதெல்லாம் வாசல்லயே திரும்பிப் போகோணும்.

இன்னொரு சல்லடையும் இருக்கு. 2³¹க்கு மீதி 1 எண்டா 2³²க்கு மீதி 2. 2³² எண்டது 65536இன் வர்க்கம். ஆக அந்தக் காரணிக்கு 2 ஒரு வர்க்க மீதி, அதாவது ஒரு வர்க்கத்தை அந்தக் காரணியால வகுத்தா வாற மீதி. 2 வர்க்க மீதியா வரோணும் எண்டா முதன்மை எண்ணை 8ஆல வகுக்கேக்க மீதி 1 அல்லது 7 வரோணும் எண்டது தெரிஞ்ச முடிவு. ரெண்டு நிபந்தனையையும் சேர்த்தா மிஞ்சுறது ரெண்டே வகை: 248இன் மடங்கு கூட்டல் 1, 248இன் மடங்கு கூட்டல் 63.

எண்ணிப் பாருங்கோ, 46340க்குள்ள முதல் வகையில 186, ரெண்டாம் வகையில 63ஐ விட்டா 186, மொத்தம் 372. அதிலயும் முதன்மை எண்களை மட்டும் எடுத்தா 80 அளவிலதான் நிக்கும். கொப்பியில தொடங்குங்கோ: 249 மூண்டால போகும், 311 முதன்மை, 497 ஏழால, 559 பதின்மூண்டால, 745 ஐந்தால, 807 மூண்டால, 993உம் மூண்டால, 1055 ஐந்தால, 1241 = 17 × 73, 1303 முதன்மை. 1303 வரைக்கும் வந்தும் உண்மையா வகுக்க வேண்டியது ரெண்டே ரெண்டு எண்ணாலதான். 311ஆல வகுத்தா மீதி 35, 1303ஆல வகுத்தா மீதி 226. மிச்சத்தை நீங்கள் கொண்டுபோங்கோ, காலி வீதியில 100ஆம் நம்பர் பஸ் பின்நேரம் நிக்கிற நிலைக்கு வெள்ளவத்தையில இருந்து கோட்டைக்குப் போறதுக்குள்ள பாதி முடிஞ்சிடும்.

சல்லடை வேலை செய்யுதோ எண்டு சந்தேகமெண்டா 2²³ − 1 = 8388607ஐ எடுங்கோ. இங்க காரணி 46இன் மடங்கு கூட்டல் 1. முதல் எண்ணே 47, அதுவே போகுது: 47 × 178481.

மூண்டாவது படி: பேர்மாட் சோதனை, இதில வழுக்குவினம்

கன பேர் இணையத்தில பாத்திட்டு 2ஐ வச்சு பேர்மாட் சோதனை போடுவினம். எண்ணில ஒண்டைக் குறைச்ச வலுவுக்கு 2ஐ உயர்த்தி அந்த எண்ணால வகுத்தா மீதி 1 வந்தா முதன்மையா இருக்கலாம் எண்டதுதான் சோதனை. பைத்தன்ல பவ் (pow) எண்ட பங்ஷனுக்கு மூண்டு எண்ணைக் குடுத்தா வலுவையும் மீதியையும் ஒரே தடவையில தரும். 2147483647க்கு மீதி 1 வரும், சந்தோசம்.

சந்தோசப்படாதேங்கோ. 2047க்கும் 1தான் வரும். சுட்டி முதன்மையா இருக்கிற எந்த மெர்சென் எண்ணும், உள்ளுக்க காரணி இருந்தாலும், 2ஐ வச்சுச் சோதிச்சா பாஸ் பண்ணும், அந்த வடிவமே அப்பிடி. எங்களுக்குச் சலுகை தந்த அதே வடிவம் இங்க ஏமாத்துது. 3ஐ வச்சுப் பாருங்கோ, 2047 உடன மாட்டிக்கொள்ளும், 2147483647க்கு 1 வரும். அப்பவும் அது ஒரு நல்ல அடையாளம் மட்டும்தான், நிறுவல் இல்லை.

நாலாவது படி: லூக்கா-லேமர் சோதனை

நிறுவல் வேணுமெண்டா இதுதான். எடுவா லூக்கா 19ஆம் நூற்றாண்டில அடித்தளம் போட்டார், டெரிக் ஹென்றி லேமர் 1930ல இப்ப இருக்கிற வடிவத்துக்குக் கொண்டுவந்தார். 4ல தொடங்குங்கோ. வர்க்கிச்சு 2ஐக் கழியுங்கோ, சோதிக்கிற எண்ணால வகுத்து மீதியை எடுங்கோ, அந்த மீதியை வச்சுத் திரும்பவும் அதே வேலை. சுட்டியில ரெண்டைக் குறைச்ச தடவை செய்தாப் பிறகு பூச்சியம் வந்தா முதன்மை, வராட்டி இல்லை. இடையில "இருக்கலாம்" எண்ட கதை கிடையாது.

முதல்ல சின்னனில பழகுங்கோ. 2⁵ − 1 = 31. மூண்டு தடவை: 4, 14, பிறகு 14இன் வர்க்கம் 196ல 2 போக 194, 31ஆல வகுத்தா மீதி 8, பிறகு 64ல 2 போக 62, மீதி பூச்சியம். 127க்கு ஐந்து தடவை: 4, 14, 67, 42, 111, 0. இப்ப எங்கட 2047, ஒன்பது தடவை: 4, 14, 194, 788, 701, 119, 1877, 240, 282, 1736. கடைசியில பூச்சியம் இல்லை, ஆள் அவுட். 23ஐயோ 89ஐயோ தெரியாமலே இது முதன்மை இல்லை எண்டு தெரிஞ்சிட்டுது பாத்தீங்களோ, காரணி எது எண்டு இந்தச் சோதனை ஒருநாளும் சொல்லாது, இருக்கா இல்லையா எண்டதோட நிப்பாட்டிக்கொள்ளும்.

2147483647க்கு 29 தடவை. ஒய்லர்ட 80 அளவு வகுத்தலுக்குப் பதிலா 29 வர்க்கம். பைத்தன்ல நாலு வரிக்கு மேல வராது.

மீதி எடுக்க வகுக்கவே தேவையில்லை, இதையும் தெரிஞ்சு வச்சிருங்கோ. 32ஐ 31ஆல வகுத்தா மீதி 1, அதால துவித எண்ணை வலப்பக்கத்தில இருந்து அஞ்சு அஞ்சு இலக்கமா வெட்டி துண்டுகளைக் கூட்டினாக் காணும். 194 = 11000010. வெட்டினா 110உம் 00010உம், அதாவது 6உம் 2உம், கூட்டினா 8. மேல வந்த அதே 8. ஒன்பதால வகுபடுமோ எண்டு பாக்க இலக்கங்களைக் கூட்டுறமே, அதே விசயம்தான் துவிதத்தில. 2147483647 எண்டா 31 இலக்கமா வெட்டோணும், அவ்வளவுதான் வித்தியாசம். கொம்பியூட்டருக்கு வகுத்தல்தான் பாரமான வேலை, வெட்டிக் கூட்டுறது ஒண்டுமே இல்லை. ரெக்கோட் எண்கள் முக்கால்வாசி மெர்சென் எண்ணா வாறதுக்கு இந்தச் சோதனையும் இந்த வெட்டுக் கூட்டலும்தான் காரணம்.

அஞ்சாவது படி: ஒண்டைக் குறைச்சுப் பாருங்கோ

2147483646ஐக் காரணிப்படுத்தினா 2 × 3² × 7 × 11 × 31 × 151 × 331. எல்லாம் சின்னச் சின்னக் காரணி. இதை ஏன் பாக்கச் சொல்லுறன் எண்டா, இந்த முதன்மை எண்ணை உண்மையிலயே வேலைக்குப் பாவிக்கிற ஒரு இடம் இதில தங்கியிருக்கு.

1988ல ஸ்டீபன் பார்க், கீத் மில்லர் எண்ட ரெண்டு பேர் எழுந்தமான எண் உருவாக்க ஒரு குறைஞ்சபட்ச தரம் சொன்னவை: ஒரு எண்ணை எடு, 16807ஆல பெருக்கு, 2147483647ஆல வகுத்து மீதியை எடு, அதுதான் அடுத்த எண். 1ல தொடங்கினா 16807, 282475249, 1622650073, 984943658 எண்டு போகும். நீங்கள் எழுதின கோட் சரியோ எண்டு பாக்கிறது சுகம், பத்தாயிரமாவது தடவை 1043618065 வரோணும். வரேல்லையெண்டா எங்கயோ பெருக்கல் நிரம்பி வழிஞ்சிருக்கு.

16807 எண்டது 7⁵. இதை அடுக்கடுக்காப் பெருக்கினா 1 தொடக்கம் 2147483646 வரைக்கும் உள்ள எல்லா எண்ணையும் ஒவ்வொரு தடவை தொட்டிட்டுத்தான் திரும்ப 1க்கு வரும். அதை நிச்சயப்படுத்த ஏழு சோதனை போதும்: மேல சொன்ன ஏழு முதன்மைக் காரணி ஒவ்வொண்டாலயும் 2147483646ஐ வகுத்து, வாற வலுவுக்கு 16807ஐ உயர்த்தி மீதி பாருங்கோ, ஒண்டிலயும் 1 வரக்கூடாது. 16807க்குப் பதிலா 2ஐப் போட்டா என்ன நடக்கும்? 31 தடவையில சுத்தி வந்திடும், ஏனெண்டு ரெண்டாவது படியிலயே பாத்தாச்சு. ஒரு எச்சரிக்கை, இதை வச்சு ஓடிபியோ பாஸ்வேர்டோ செய்யாதேங்கோ, ஒரு எண் தெரிஞ்சா அடுத்ததெல்லாம் தெரியும்.

இந்த எண் உங்கட வழியில குறுக்க வாற இடங்கள்

கொழும்பில கடைகளுக்கு பில்லிங் சிஸ்டம் செய்து குடுக்கிற தம்பி தங்கச்சிமாருக்கு இந்த எண் நல்லாத் தெரிஞ்சிருக்கும், முதன்மை எண் எண்டுதான் தெரிஞ்சிருக்காது. குறி உள்ள 32 பிட் முழு எண்ணில வைக்கக்கூடிய ஆகப் பெரிய பெறுமானம் இது. ஒரு பிட் கூட்டல் கழித்தல் குறிக்குப் போக மிச்சம் 31 பிட்டும் ஒண்டு. போன் நம்பரை முழு எண்ணா சேமிக்கிற பழக்கம் இருந்தா பாருங்கோ, 77ல தொடங்கி ஒன்பது இலக்கமாப் போட்டா ஒரு பிரச்சினையும் இல்லாம உள்ளுக்க போகும். 94ஐ முன்னுக்குச் சேர்த்து பதினொரு இலக்கமாப் போட்டா இடம் காணாது, கண்டிப்பான செட்டிங் இல்லாத மைஎஸ்கியூஎல் தரவுத்தளம் அதை வெட்டி 2147483647 எண்டு போட்டு வச்சிடும். கடைசியில எல்லாக் கஸ்டமருக்கும் ஒரே நம்பர். போன் நம்பர் கூட்டிக் கழிக்கிற சாமான் இல்லை, எழுத்தாத்தான் வைக்கோணும்.

மற்றது நேரம். 1970 ஜனவரி 1ல இருந்து செக்கனை எண்ணி 32 பிட்டுக்குள்ள வைக்கிற பழைய சிஸ்டங்கள் இந்த எண்ணைத் தொடுற நேரம் 2038 ஜனவரி 19, எங்கட நேரத்தில செவ்வாய்க்கிழமை காலம்பிற 8 மணி 44 நிமிசம் 7 செக்கன். அடுத்த செக்கன் அதுகளுக்கு 1901 டிசம்பர். புது சிஸ்டங்கள் 64 பிட்டுக்கு மாறிட்டுது, பழைய பெட்டிகளை வச்சிருக்கிறவைதான் பாக்கோணும்.

வேற சில குணங்கள், கெதியாச் சொல்லிட்டுப் போறன்

2இல இருந்து எண்ணிக்கொண்டு வந்தா இது 105097565ஆவது முதன்மை எண். எண்ணை அதின்ட இயற்கை மடக்கையால வகுத்தா, அதாவது 21.49 அளவால, 10 கோடிக்குக் கொஞ்சம் குறைய வரும், உண்மை எண்ணிக்கைக்கு 5 சதவீதம் அளவில கிட்ட. பக்கத்து வீட்டு முதன்மை எண்கள் கீழ 2147483629, மேல 2147483659. ரெண்டு தள்ளி இரட்டை ஒண்டும் இல்லை, 2147483645 ஐந்தால போகும், 2147483649 மூண்டால போகும். நாலால வகுத்தா மீதி 3, அதால ரெண்டு வர்க்கங்களின்ட கூட்டுத்தொகையா எழுதவே ஏலாது.

2³⁰ஆல பெருக்கினா 2305843008139952128, இது ஒரு நிறைவு எண், தன்னை விட்ட மற்றக் காரணி எல்லாத்தையும் கூட்டினா தானே வரும். 1811ல பீட்டர் பார்லோ எண்ட ஆங்கிலேயக் கணிதக்காரர் இதைவிடப் பெரிய நிறைவு எண்ணை ஒருத்தரும் கண்டுபிடிக்க வாய்ப்பில்லை எண்டு எழுதினவர், பிரயோசனம் இல்லாத விசயத்தில ஆர் மினக்கெடப் போகினம் எண்டது அவற்ற எண்ணம். மினக்கெட ஆக்கள் எப்பவும் இருப்பினம் எண்டு அவருக்கு விளங்கேல்ல.

இந்த எண்ணையே சுட்டியா வச்சு 2ஐ உயர்த்தி ஒண்டைக் கழிச்சா? 64 கோடி இலக்கத்துக்கு மேல வரும், எழுத ஏலாது. ஆனா அது முதன்மை இல்லை எண்டு நீங்களே ஒரு வரியில காட்டலாம்: பவ் பங்ஷனுக்கு 2, 2147483647, 295257526626031 எண்டு குடுங்கோ, 1 வரும். அப்ப கடைசி எண் அதின்ட காரணி. அந்தக் காரணியில ஒண்டைக் குறைச்சு 2147483647ஆல வகுத்தா மிச்சமில்லாம 137490, ரெண்டாவது படியில பாத்த அதே விதி.

இனி என்ன செய்யலாம்

ரெக்கோட் வேட்டையில சேர விருப்பமெண்டா கிம்ப்ஸ் எண்ட கூட்டு முயற்சி இருக்கு, பிரைம்95 எண்ட மென்பொருளை இறக்கி ஓட விடலாம், லூக் டுராண்ட்ட எண்ணும் கிம்ப்ஸுக்குள்ளாலதான் வந்தது. நான் உடன போகச் சொல்ல மாட்டன். லெப்டொப் ராப்பகலா முழு வேகத்தில ஓடும், கொழும்புச் சூட்டில காத்தாடி சத்தம் தாங்கேலாது, கரண்ட் பில்லும் யூனிட் கூடக் கூட ரேட்டும் கூடுற மாதிரித்தான் எங்கட நாட்டில.

அதுக்கு முதல் மெர்சென் 1644ல போட்ட பட்டியலைச் சோதியுங்கோ. 257 வரைக்கும் எந்தெந்தச் சுட்டிக்கு முதன்மை எண் வரும் எண்டு அவர் சொன்னது: 2, 3, 5, 7, 13, 17, 19, 31, 67, 127, 257. நாலாவது படியில எழுதின அதே கோட்ல சுட்டியை மட்டும் மாத்துங்கோ. 2க்கு அந்தச் சோதனை பொருந்தாது, அதை விடுங்கோ. 67க்கும் 257க்கும் பூச்சியம் வராது, மனுசன் பிழை விட்டிட்டார். பட்டியல்ல இல்லாத 61, 89, 107 மூண்டுக்கும் பூச்சியம் வரும். 67க்குக் காரணி என்னெண்டு 1903லதான் பிராங்க் நெல்சன் கோல் காட்டினவர்: 193707721 × 761838257287. 193707721ல ஒண்டைக் குறைச்சு 134ஆல வகுத்துப் பாருங்கோ.